நாய்களுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீர்க்கல் நோய்



வானூர் வட்டாரத்தில் சவுக்குத் தோப்பிற்கும் முந்திரித் தோப்பிற்கும் மோட்டார் கொட்டகைக்கும் காவலாக நாய் வளர்ப்பது வழக்கம். நாட்டு நாய்களை விட்டு, வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாயை அழகு கருதி வாங்குவோரும் உண்டு. இந்த இனத்திற்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது. அதை அறியாமல் வளர்த்தால், நன்றாக ஓடியாடிய நாயை இரண்டு மூன்று நாட்களில் இழக்க நேரிடலாம்.

கல் உண்டாகும் விதம்

இறைச்சி, மீன் போன்ற உணவிலுள்ள பியூரின் என்னும் சத்து உடலில் யூரிக் அமிலமாக மாறுகிறது. மற்ற நாய்களில் ஈரல் இதனை நீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷன் நாயில் யூரிக் அமிலம் ஈரலுக்குள் செல்லும் வழி பழுதுபட்டிருக்கிறது. ஆகவே அது சிறுநீரில் மிகுதியாக இறங்கி, மணலாகவும் கல்லாகவும் திரள்கிறது. இதற்குக் காரணமான மரபணு 2008ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

குறை ஆண், பெண் இரண்டிற்கும் உண்டு. எனினும் எல்லா நாய்க்கும் கல் உண்டாவதில்லை. ஆண் நாயின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அதன் குறியில் உள்ள எலும்பின் அருகே கல் சிக்கிக்கொள்வதால் அடைப்பு பெரும்பாலும் ஆண் நாய்க்கே ஏற்படுகிறது.

அறிகுறிகள்

1. அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடுதல்.
2. சிறுநீரில் இரத்தம் கலந்திருத்தல்.
3. அடிவயிறு உப்புதல், தீனி எடுக்காமை, வாந்தி.

சிறுநீர் அறவே நின்றுவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்துக் காத்திருப்பதும், வயிற்றை அமுக்கி விடுவதும் ஆபத்தானவை. அமுக்கினால் சிறுநீர்ப்பை வெடிக்கக்கூடும். மருத்துவர் மெல்லிய குழாய் செலுத்திக் கல்லைப் பின்னுக்குத் தள்ளுவார். தேவையானால் அறுவை செய்வார். இக்கற்கள் சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியா; ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே நல்லது.

உணவு முறை

கோழிக்கடைக் கழிவு, ஈரல், குடல், மத்தி மீன், நெத்திலிக் கருவாடு ஆகியவற்றில் பியூரின் மிகுதி. டால்மேஷனுக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள். சோற்றுடன் அவித்த முட்டை, தயிர், காய்கறி சேர்த்துக் கொடுக்கலாம். உணவை நீர்க்கக் கரைத்துக் கொடுப்பதும், எந்நேரமும் தண்ணீர் வைப்பதும், அடிக்கடி வெளியே அவிழ்த்து விடுவதும் அவசியம். கல்லைத் தடுக்க அல்லோபியூரினால் என்னும் மாத்திரை உண்டு. உணவில் கட்டுப்பாடு இன்றி இதைக் கொடுத்தால் வேறுவகைக் கல் உண்டாகும். எனவே மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுக்கக் கூடாது.

இனச்சேர்க்கையில் கவனம்

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களை விதைக்கும் நீங்கள், விதையின் பூர்வீகம் அறிந்தே வாங்குகிறீர்கள். குட்டி வாங்கும்போதும் அந்தக் கவனம் வேண்டும். இக்குறை தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சாதாரண டால்மேஷன் இரண்டைச் சேர்த்தால், அவை நோயின்றி இருந்தாலும், எல்லாக் குட்டிகளுக்கும் குறை வரும். குறையில்லாத வேற்றின நாயுடன் சேர்த்தால் குட்டிகளில் குறை வெளிப்படாது, ஆனால் மறைந்திருக்கும். அக்குட்டியை மீண்டும் டால்மேஷனுடன் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குக் குறை தோன்றும்.

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டில் டால்மேஷனை பாயின்டர் என்னும் இனத்துடன் ஒருமுறை கலந்தனர். பின்னர் தலைமுறைதோறும் டால்மேஷனுடனேயே சேர்த்து, குறையில்லாதவற்றை மட்டும் தேர்ந்து, அதே புள்ளிகளுடன் நோயற்ற வழியை உருவாக்கினர். அந்நாட்டு நாய்ச் சங்கம் 2011ஆம் ஆண்டில் இவ்வழியை ஏற்றது.

லாப்ரடார் இனத்திலும் சிஸ்டின் என்னும் பொருளால் கல் உண்டாகும் பரம்பரை நோய் அரிதாக உண்டு. நல்ல தோற்றமுள்ள இரு நாய்களின் குட்டிக்கும் அது வரலாம்.

எனவே கல் வந்த நாயைக் குட்டி எடுக்கப் பயன்படுத்தாதீர்கள். குட்டி விற்பவர் அந்தச் செய்தியை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. உங்கள் நாய் முக்கி முக்கிச் சிறுநீர் விடக் கண்டால், உடனே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்கோ, புதுச்சேரியிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்திற்கோ கொண்டு சென்று அதன் உயிரைக் காப்பாற்றுங்கள்.