ஒரே விதை, மூன்று நிறங்கள்

விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, பட்டணத்திலிருந்து எதையாவது வாங்கிச் செல்லாவிட்டால் நமக்கு மனம் ஆறுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டபோது, நானும் சாக்லேட் வாங்கினேன். பிள்ளைகளுக்கு வெள்ளையும் பால் சாக்லேட்டும். சர்க்கரை நோயுள்ள என் தகப்பனாருக்குக் கறுப்பு. கசக்கிறதே, இதில் சர்க்கரை இராது என்பது என் எண்ணம். அவரும் மகள் கொண்டுவந்தது என்று மூன்றே நாளில் முழுக்கட்டியையும் தின்று முடித்தார். அந்த வாரம் இரத்தப் பரிசோதனை முடிவைக் கண்ட மருத்துவர், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கடிந்துகொண்ட பிறகே உறையை எடுத்து வாசித்தேன். கோகோ 50 சதவிகிதம் என்றிருந்தது. மீதி ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை!

அன்பான வாசகர்களே, இந்த மூன்றும் ஒரே விதையிலிருந்து வருபவை. கோகோ மரத்தில் காய்கள் கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் இதைக் காணலாம். விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கறுத்த விழுது கிடைக்கும். விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பே. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-ஆம் ஆண்டு, அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்த கொழுப்பு கோகோ வெண்ணெய். எஞ்சிய பிண்ணாக்கு கோகோத்தூள். நிறமும் கசப்பும் பிண்ணாக்கில்தான் இருக்கின்றன.

இனி வேறுபாடு எளிது. விழுதோடு சர்க்கரை சேர்ந்தால் கறுப்பு. பாலும் சேர்ந்தால் பால் சாக்லேட். சொல்ல எளிது, ஆனால் பாலிலுள்ள நீர் சாக்லேட்டைக் கெடுத்துவிடும் என்பதால், சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டர் என்பவர் பல ஆண்டுகள் போராடி, 1875-ஆம் ஆண்டளவில்தான் வெற்றி கண்டார். வெள்ளையில் விழுதே கிடையாது; கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை மட்டுமே. அதைச் சாக்லேட் என்று அழைப்பதே தகுமா என்று வாதிடுவோரும் உண்டு. என்னைக் கேட்டால், அது நல்லதொரு பால் இனிப்பு. மலிவான சிலவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பே இருக்கும். உறையில் 'காம்பவுண்ட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

கறுப்பின் உறையிலுள்ள சதவிகிதம், விழுதும் வெண்ணெயும் சேர்ந்த மொத்தக் கணக்கு. 70 என்றால் 100 கிராமில் சர்க்கரை 30 கிராமுக்கு மேல் இராது. பால் சாக்லேட்டில் அது சுமார் 50 கிராம். வெள்ளையில் பெரும்பாலும் அதற்கும் மேல். ஆனால் கறுப்பில் காஃபின் அதிகம். 70 சதவிகிதத்துக்கு மேற்பட்ட 100 கிராம் கட்டியில் சுமார் 80 மில்லிகிராம், ஒரு கோப்பை காப்பிக்குச் சற்றே குறைவு. இரவில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, உறங்கவில்லையே என்று அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமன்று. வெள்ளையில் காஃபின் இல்லையென்றே சொல்லலாம்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. ரயில் வெப்பத்தில் இளகி, வீட்டில் மறுபடி இறுகிய பால் சாக்லேட்டின்மேல் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. பூசணம் பிடித்துவிட்டது என்று அம்மா அதை முற்றத்து நாய்க்கு எறியப் போனார். கோகோ வெண்ணெய் சுமார் 34 பாகையிலேயே உருகி, மேலே வந்து படிந்து உறையும். அந்தப் படலம் தீங்கற்றது, மொறுமொறுப்பு மட்டுமே போய்விடும். நாய்க்கோ சாக்லேட் நஞ்சு. அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே சிதைக்கும். கறுப்பில் அது மிக அதிகம். நல்லவேளை, என் மகன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். தனக்கு வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது அப்பாவுக்கு 85 சதவிகிதத்தில் ஒரு சிறு துண்டு, அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகே. "வேப்பங்கொட்டை மாதிரி இருக்கிறதே" என்கிறார். ஆனாலும் மறு துண்டுக்குக் கை நீட்டுகிறார்.