ஒதுங்க ஒதுங்க வளரும் பயம்

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது பேச்சாலும் பயிற்சியாலும் செய்யப்படும் மனநல மருத்துவம். மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.டி. என்பார்கள். பதற்ற நோய்களில், பயந்து ஒதுங்கும் பழக்கத்தின் மீதுதான் இது முக்கியமாகக் கைவைக்கிறது. அந்தப் பழக்கம் மாறும்போது பயமும் பிடி தளர்கிறது.

இதன் வேர்கள் இரண்டு. பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கினால் பயம் குறையும் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் காட்டினார். நிகழ்ச்சியை விட, அதைப் பற்றி மனதில் சட்டென்று ஓடும் எண்ணமே ஆளை அதிகம் வாட்டுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் விளக்கினார். பின்னாளில் இரண்டும் கலந்து ஒரே சிகிச்சையாயின.

ஓர் உதாரணம் பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணுக்கு மேலூர் அருகே திடீரென்று நெஞ்சு படபடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை வியர்த்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும் என்கிறார்கள். வீட்டில் திருநீறு போட்டு மந்திரிக்கிறார்கள். இரண்டாலும் அன்றைக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் அடுத்து மதுரையில் நடக்கும் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. பிறகு வழியிலுள்ள திருப்பத்தூரும் விட்டுப்போகிறது. ஆறு மாதத்தில், கணவர் துணையில்லாமல் உள்ளூரில் ஒரு கடைக்குக்கூடப் போக முடியாத நிலை வந்துவிடுகிறது.

இங்கே நடப்பது என்ன என்பதை ஆங்கிலேய உளவியலர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக எழுதினார். வெயிலாலோ பசியாலோ படபடப்பு வருகிறது. 'மாரடைப்பு' என்று மனம் அதற்கு அர்த்தம் சொல்கிறது. அந்த அர்த்தமே உடம்பை இன்னும் உலுக்குகிறது, படபடப்பு கூடுகிறது, 'பார், நிஜம்தான்' என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் படபடப்பு தணிகிறது. 'இறங்கியதால்தான் பிழைத்தேன்' என்ற தவறான பாடத்தை மனம் அப்போது படித்துக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் சில நிமிடங்களில் அது அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பதற்ற நோய்கள் பலவற்றுக்கும் இதுதான் உயிர்நாடி.

சிகிச்சையின் முதல் வேலை இந்தச் சுழலைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது. அடுத்து, பதறிய வேளைகளையும் அப்போது ஓடிய எண்ணங்களையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வார்கள். 'எத்தனை தடவை இப்படி வந்தது? அதில் எத்தனை தடவை மயங்கி விழுந்தீர்கள்?' என்று சிகிச்சையாளர் கேட்பார். வெறும் தைரியம் சொல்வது அவர் வேலை ஆகாது. நோயாளியே கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு சோதனைகள். மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்குவது, ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடுவது. அதே படபடப்பும் அதே தலைச்சுற்றலும் வந்து, தாமாகவே அடங்குவதை நோயாளி தன் உடம்பிலேயே கண்டுகொள்கிறார். இதய நோயோ ஆஸ்துமாவோ இல்லையென்று உறுதி செய்த பிறகே இது நடக்கும்.

கடைசியில் படிக்கட்டு போல ஒரு பட்டியல். பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது முதல் படி. கணவருடன் குன்றக்குடி வரை போய்வருவது இரண்டாவது. அதே தூரம் தனியாக. அப்புறம் திருப்பத்தூர், கடைசியில் மதுரை. ஒவ்வொரு படியிலும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று எண் போட்டுக்கொள்வார்கள். பைக்குள் இருக்கும் மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில், நொடிக்கொரு தரம் நாடி பிடித்துப் பார்ப்பது ஆகியவற்றையும் மெல்லக் கைவிட வேண்டும். அவை துணை போலத் தோன்றினாலும், 'இது இருந்ததால்தான் தப்பித்தேன்' என்ற பழைய பாடத்தையே புதுப்பிக்கின்றன. வாரம் ஒரு மணி நேரமாக, பெரும்பாலும் 12 முதல் 16 வாரங்கள் இது நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தோடு, இடைப்பட்ட ஆறு நாளில் வீட்டில் செய்யும் பயிற்சியும் முக்கியம்.

பழைய பயம் அழிந்துபோவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பக்கத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்ற புதிய நினைவு உட்காருகிறது. அதனால்தான் பல இடங்களில், பல வேளைகளில் பழகச் சொல்கிறார்கள்.

மனக்காயம் இதைவிடச் சிக்கலானது. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக்கு அது புதிதல்ல. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூன் மீது குண்டு வீசியதும், பர்மாவில் வணிகம் செய்யப் போயிருந்த நகரத்தார் எனப்படும் செட்டியார்களும் அவர்கள் கடைகளில் வேலை பார்த்தவர்களும் ஓடிவர வேண்டியதாயிற்று. பர்மாவிலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்ட லட்சக்கணக்கானோரில் பலர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் பசியாலும் காலராவாலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.  அந்த நடையைக் கண்ணால் கண்டவர்களுக்கு ராத்திரியில் நேர்ந்ததைச் சொல்ல அன்றைய மருத்துவத்திடம் இன்றைய பெயர் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் 1980இல்தான் தனிப் பெயரோடு ஏறியது.

அதிர்ச்சி நினைவு மற்ற நினைவுகளைப் போலக் காலத்தோடு பின்னால் போவதில்லை. ஒரு வாசனையோ சத்தமோ போதும், நடந்தது இப்போதே நடப்பது போல உடம்பு நடுங்கும். கெட்ட கனவு, எதற்கும் திடுக்கிடுவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கும். இதைத் தமிழில் 'மனவடு' என்றே யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் சொன்னார்கள். இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மக்கள் தங்கள் துயரத்தைப் 'பெருமூச்சு' என்று உடம்பின் மொழியில் சொல்லி வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இத்தகைய மனவடுவுக்கென, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையை ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள். தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைப்பார்கள். அதுதான் வாழ்க்கை. நல்ல நாட்களுக்குப் பூ, கொடிய நாட்களுக்குக் கல். பிறகு ஒவ்வொரு கல்லருகிலும் நின்று, என்ன பார்த்தார், எதைக் கேட்டார், உடம்பு என்ன செய்தது என்று முழுக் கதையும் சொல்லப்படும். சொன்னதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். சிதறிக் கிடந்த நினைவு இப்படி ஒரு தேதியும் ஓர் இடமும் பெறுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், போரும் கடலும் ஒருசேர அடித்த வடகிழக்கு இலங்கை முகாம்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக்கு இந்தக் கதை முறை, மறுபாதிக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் மற்றவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் அவர்கள் ஊர்க்காரர்களே செய்யக்கூடிய வேலை இது என்பதைக் காட்டுகிறது. மறுபக்கமும் உண்டு. வட இலங்கைப் பள்ளிகளில் 399 பிள்ளைகளிடம், சி.பி.டி. கூறுகள் கலந்த ஒரு திட்டத்தைக் குழுக்களாக நடத்திப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் தெளிவான பலன் தெரியவில்லை. சிறுமிகள் சிலவற்றில் பின்தங்கவும் செய்தார்கள். கூட்டமாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதற்கு ஈடாகாது என்று நினைக்க இடமிருக்கிறது.

பழி எண்ணம் தனிக் கவனம் கேட்பது. அலையில் பிள்ளையின் கை நழுவிய தாயிடம் 'உன்மேல் தப்பில்லை' என்று உறவினர் நூறு முறை சொல்லியிருப்பார்கள். அது உள்ளே இறங்காது. அந்த நொடியில் தண்ணீர் எவ்வளவு உயரம் இருந்தது, எதைப் பிடித்துக்கொண்டிருந்தார், என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிய வழியே இல்லை என்று சிகிச்சையாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போவார். முடிவுக்கு அந்தத் தாயே வந்து சேர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில், பேரதிர்ச்சி நோய்க்கு இவ்வகைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளைத் தவிர்க்கவும் சொன்னது. அடிக்கும் கணவனோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. நினைவைத் தோண்டுவது அப்புறம். தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்தே தேவைப்படும்.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், பெரும்பாலான மனநோய்களுக்கு 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. சிவகங்கை மாவட்டத்தில் 2012இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். சிகிச்சையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது: மருத்துவ உளவியலில் முறையான பயிற்சி உண்டா, எத்தனை வாரம் ஆகும், வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீர்கள்.