ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு... ஆனா வீல் நட் அசையலையா? அவசரப்பட்டு இதைச் செஞ்சிடாதீங்க!

இரவு 11 மணி. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கார் பஞ்சர். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, அதில் காற்றும் இருக்கிறது. ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் கையில் தயார். ஆனால் நான்கு நட்டில் மூன்று கழன்றுவிட, ஒன்று மட்டும் அசைய மறுக்கிறது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். நட் கழன்றுவிட்டது என்று நினைத்தால், கழன்றது ஸ்பேனர்தான். நட்டின் முனை மழுங்கிவிட்டது.

15 நிமிட வேலை, டோயிங் வண்டியைக் கூப்பிடும் வேலையாக மாறுவது இந்த இடத்தில்தான். பழியெல்லாம் துருவின் மேல் விழும். ஆனால் பல நேரங்களில் கோளாறு நட்டில் இல்லை, கடைசியாக அதை டைட் வைத்த விதத்தில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி இறுகிப் போகிறது?

பெரும்பாலான பயணிகள் கார்களின் வீல் நட்டுக்குத் தேவையான இறுக்கம் 80 முதல் 140 நியூட்டன் மீட்டர் வரைதான். எந்த காருக்கு எவ்வளவு என்பது காரோடு வரும் மேனுவலில் இருக்கும். இதைச் சாதாரண கணக்கில் பார்க்கலாம். 25 செ.மீ நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுத்தால், கிடைப்பது சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு ஆள் கையால் இறுக்கும் இறுக்கமே போதும்.

ஆனால் டயர் கடைகளில் 'டர்ர்ர்' என்று அடிக்கும் ஏர் கன் 400, 500 நியூட்டன் மீட்டரைக்கூட சர்வசாதாரணமாகத் தாண்டும். 400-ல் இறுகிய நட்டை அதே 25 செ.மீ ஸ்பேனரால் கழற்ற 160 கிலோ அழுத்தம் வேண்டும். நடுரோட்டில் அதற்கு எங்கே போவது? "நல்லா டைட்டா வைங்கண்ணே" என்று கேட்டு வாங்கி வருபவர்களும் நாம்தான் என்பது வேறு விஷயம்.

துருவுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. ஈ.சி.ஆர், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் நிற்கும் கார்களில் ஸ்டட்டின் மரை சீக்கிரம் துருப்பிடிக்கும். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியதுபோல தண்ணீரில் நின்ற கார்களுக்கும் இதே கதைதான்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், மாறிப்போன நட். மாருதி சுசூகி கார்களின் ஸ்டட் 12 மி.மீ தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களிலும் அதே 12 மி.மீ, ஆனால் இடைவெளி 1.5 மி.மீ. பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் தொலைந்த நட்டுக்குப் பதிலாக மாற்றி மாட்டிவிட்டால், முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு கடித்துக்கொள்ளும். ஏர் கன்னுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது பாட்டுக்கு ஏற்றிவிடும். கழற்றும்போது மரையும் சேர்ந்தே வரும்.

ஜாக்கி போடும் முன்...

முதல் விதி, நட்டைத் தளர்த்தும் வேலை டயர் தரையில் இருக்கும்போதே முடிய வேண்டும். ஜாக்கியில் ஏற்றிய பிறகு பலம் கொடுத்தால் சக்கரம் சுற்றும், இல்லையென்றால் கார் ஆடும். காரோடு தரப்படும் சின்ன ஜாக்கி மேலே தூக்கத்தான், பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்க அல்ல. கார் சரிந்தால் கை, கால் மாட்டிக்கொள்ளும்.

சமதளமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுப்பது அவசியம். ஹசார்டு லைட் எரியட்டும், முக்கோண எச்சரிக்கைப் பலகை காருக்குப் பின்னால் தள்ளி இருக்கட்டும். பஞ்சரான சக்கரம் வண்டிகள் ஓடும் பக்கமாக இருந்தால் அங்கே உட்கார்ந்து நட்டோடு மல்லுக்கட்டுவது ஆபத்து. பஞ்சர் டயரோடு மெதுவாக உருட்டி ஓரம்கட்டினால் டயர் போகலாம், உயிர் போகாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது.

அசையாத நட்டை எப்படிக் கழற்றுவது?

சரியான அளவு முக்கியம். மாருதி, ஹோண்டாவுக்குப் பொதுவாக 19 மி.மீ, டொயோட்டா, ஹூண்டாய், கியாவுக்கு 21 மி.மீ, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் நட்டுக்குப் பதிலாக 17 மி.மீ போல்ட். 19 நட்டில் 21 ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மழுங்குவது நிச்சயம். உள்ளே ஆறு மூலை உள்ள பாக்ஸ் ஸ்பேனர் நட்டின் பக்கங்களை முழுதாகப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை உள்ளது முனைகளை மட்டும் பிடிப்பதால் வழுக்கும் வாய்ப்பு அதிகம்.

நட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்டட்டும் நட்டும் சேரும் இடத்தில் டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து 15, 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடித்த உடனே திருகினால் பலனில்லை. பிரேக் டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது.

பிறகு ஸ்பேனரைக் கடைசிவரை உள்ளே தள்ளி, கைப்பிடி இடது பக்கம் படுக்கையாக இருக்கும்படி மாட்டிக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இழுப்பதைவிட அழுத்தும்போது உடம்பின் எடையும் சேர்ந்து வேலை செய்யும். ஏறி நின்று குதிக்கிறவர்கள் உண்டு. ஸ்பேனர் நழுவினால் நட்டும் போச்சு, முட்டியும் போச்சு. அதற்குப் பதில் கைப்பிடியில் இரும்பு பைப்பைச் செருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால், 160 கிலோ வேலை 80 கிலோவாகக் குறையும். குலுக்காமல், ஒரே சீராக அழுத்துவதுதான் முக்கியம். அப்போதும் வரவில்லையா? டைட் செய்யும் பக்கமாக மிக லேசாக அசைத்துப் பார்க்கலாம். துருவின் பிடி அங்கே உடைந்து, பிறகு எதிர்ப்பக்கம் சுலபமாக வருவதுண்டு.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் இடது பக்கச் சக்கரங்களின் மரை தலைகீழ். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

முனை மழுங்கிவிட்டால்?

வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு வழுக்கலும் மிச்சமிருக்கும் முனையைத் தின்றுவிடும். கட்டிங் பிளையர், ஸ்க்ரூ ரெஞ்ச் எல்லாம் இங்கே உதவாது.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் முயல்வது, நட்டைவிடக் கொஞ்சம் சின்ன அளவு பழைய பாக்ஸ் ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. அது நட்டைக் கவ்விக்கொள்ளும். இதற்கென்றே உள்பக்கம் சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டும் கிடைக்கிறது. திருகத் திருகப் பல் ஆழமாக இறங்கும். வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடியது இதுவரைதான். அலாய் வீலாக இருந்தால் சுத்தியல் ரிம்மில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில கார்களில் நட்டின் மேல் பளபளப்பான மெல்லிய தகடு மூடியிருக்கும். உள்ளே துரு ஏறினால் அந்தத் தகடு உப்பிவிடும், அதே காரின் ஸ்பேனரே நுழையாது. ஸ்பேனர் மேல் சந்தேகப்பட வேண்டாம், தகடை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் நட்டைப் பிடிக்க வேண்டியதுதான்.

நட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் ஸ்டட்டும் கூடவே சுற்றுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் வெல்டிங், டிரில், வெட்டி எடுப்பது என்று போகும். கேஸ் வைத்துச் சூடேற்றுவதும் மெக்கானிக்குகள் செய்வதுதான். ஆனால் காற்றுள்ள டயரை வைத்துக்கொண்டு ரிம்மைச் சூடாக்கினால் டயர் வெடிக்கலாம். சாலையோரத்தில் யாராவது "சூடு காட்டினா வந்துடும் சார்" என்றால் மறுத்துவிடுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது

மழுங்கிய நட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஸ்டட்டின் மரை கெட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நான்கு நட் உள்ள சக்கரத்தில் மூன்றை வைத்து 'ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுவது, மீதி மூன்றும் ஒவ்வொன்றாக விட்டுப்போக வழிசெய்வது.

எந்த நட்டையும் முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்ற வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை சரியில்லை, ஏர் கன்னால் அதைச் சரிசெய்ய முடியாது. ஒன்றுக்கு எதிர் இன்னொன்று என்று மாற்றி மாற்றி இறுக்கி, காரை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். 'அடுத்த முறை சுலபமா வரட்டும்' என்று மரையில் கிரீஸ் தடவக்கூடாது. வழவழப்பு கூடினால் அதே இறுக்கத்தில் ஸ்டட் தேவைக்கு மேல் இழுபடும்.

டயர் கடையில் "கடைசியா டார்க் ரெஞ்ச் வச்சு டைட் பண்ணுங்க" என்று கேட்கலாம். அது இல்லாத கடை என்றால், ஏர் கன்னை லேசாக மட்டும் பிடித்துவிட்டு மீதியைக் கையால் இறுக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும் காரோடு வந்த ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை தளர்த்தி இறுக்கிப் பார்த்தால், அது உங்கள் கைக்கு வருமா வராதா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். 50 முதல் 100 கி.மீ ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை செக் செய்ய வேண்டும். அலாய் வீலுக்கு லாக் நட் போட்டிருப்பவர்கள், அதன் சாவி டிக்கியில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.