பவளத்தீவுக்கு ஒரு பெட்டி

தூத்துக்குடியிலிருந்து வெங்காயம், காய்கறி, கட்டடப் பொருள்கள் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவுக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். முதலாம் இராசராசன் வென்றதாக அவனுடைய கல்வெட்டுகள் கூறும் பன்னீராயிரம் தீவுகள் இவையே என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1972ஆம் ஆண்டில் அங்கே முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. அன்று தோணிகள் மட்டும் போய்வந்த இடத்துக்கு இன்று நம் ஊர்களிலிருந்து புதுமணத் தம்பதிகளும் குடும்பங்களும் விமானத்தில் செல்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணந்தான்.

“கடலும் வெயிலும் நமக்குப் புதிதா? நான்கு துணிகளை எடுத்துப் பெட்டியில் போட்டால் போயிற்று” என்று நினைப்பவர் பலர். இங்கேதான் தவறு நேருகிறது. மாலத்தீவின் கரை சென்னைக் கடற்கரையைப் போன்றதன்று. அதன் மணல் வேறு, நீரோட்டம் வேறு, நிலத்தடி நீரும் வேறு. அந்தத் தீவு எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால், பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

தீவு பிறந்த கதை

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் உள்ளன. அவை வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. இத்தகைய வளையத்துக்கு ‘அட்டோல்’ என்று பெயர். மாலத்தீவு மக்களின் திவேகி மொழியிலிருந்துதான் இந்தச் சொல் உலக மொழிகளுக்குச் சென்றது.

இவ்வளையங்கள் எப்படித் தோன்றின? 1842இல் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் தந்தார். கடலிலிருந்து எழுந்த எரிமலையைச் சுற்றிப் பவள உயிரிகள் வளர்கின்றன. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவள உயிரிகளோ ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முடிவில் மலை மறைந்துவிடுகிறது. அதைச் சுற்றியிருந்த பவள வளையம் மட்டும் எஞ்சுகிறது. நடுவே ஆழம் குறைந்த காயல் அமைகிறது.

இவ்வளையத்தின் மேல் குவிந்த மணலே தீவு. இந்த மணல் ஆறு கொண்டுவந்ததன்று. கிளியின் அலகு போன்ற வாயையுடைய கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்து அரைத்து, சுண்ணாம்புப் பொடியாக வெளியேற்றுகின்றன. சிப்பித் துண்டுகளும் சுண்ணாம்புப் பாசிகளும் அதனுடன் சேர்கின்றன. ஆகவே அங்குள்ள வெண்மணலில் பெரும்பகுதி உயிர்களின் எச்சமே. நாடு முழுவதும் தேடினாலும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டருக்கு உயர்ந்த இயற்கைத் தரை கிடைப்பது அரிது.

குளிர்ந்த காற்றில் சுடும் கதிர்

நிலநடுக்கோடு மாலத்தீவின் ஊடே செல்கிறது. நண்பகலில் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் புற ஊதாக் கதிர்கள் காற்று மண்டலத்தில் குறைந்த தொலைவே கடந்து வருகின்றன. அவை வலுவிழக்காமல் தோலை அடைகின்றன. போதாக்குறைக்கு, உலர்ந்த கடற்கரை மணல் அக்கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், நுரைத்த கடல்நீர் 25 சதவீதத்தையும் திருப்பி எறிகின்றன. குடையின் கீழ் இருந்தாலும் கீழிருந்து கதிர் வரும். நீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள கதிர்களில் சுமார் 40 சதவீதம் இருக்கும்.

நம்மை ஏமாற்றுவது கடற்காற்று. வெப்பத்தை நாம் உணர்கிறோம். புற ஊதாக் கதிரை உணர்வதில்லை. காற்றும் நீரும் உடலைக் குளிர்விப்பதால் வெயில் உறைப்பதாகவே தோன்றாது. கவிழ்ந்து மிதந்தபடி மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முதுகும் கெண்டைக்காலும் வெந்துபோனது இரவில்தான் தெரியவரும். கறுத்த தோலுக்கு ஆபத்தில்லை என்பதும் தவறு. தோலில் உள்ள மெலனின் ஓரளவு காப்பளிக்கிறது, முழுமையாக அன்று. கண்ணுக்கு அந்தக் காப்பும் இல்லை.

சரி, வெயில் காப்புக் களிம்பு எவ்வளவு எடுத்துச் செல்வது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். களிம்பின் மீது அச்சிடப்பட்டுள்ள காப்பு எண், ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. பூசிய நிலையில் அளக்கப்பட்டது. வளர்ந்த ஒருவரின் தோல் பரப்பு சுமார் 17,000 சதுர செ.மீ. எனவே உடல் முழுவதும் ஒரு முறை பூச 34 கிராம் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை என்று மூன்று முறை பூசினால் 100 கிராம் குழாய் ஒரே நாளில் காலி! நாம் வழக்கமாகப் பூசுவது இதில் பாதியும் இராது. அப்படியானால் கிடைக்கும் காப்பும் மிகக் குறைவே.

இதற்கு எளிய வழி துணிதான். நெருக்கமாக நெய்த, முழுக்கை வைத்த நீச்சல் சட்டையும் முழங்காலுக்குக் கீழ்வரை நீளும் கால்சட்டையும் போட்டுக்கொண்டால் முகம், கழுத்து, கை, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் களிம்பு போதும். இத்தகைய உடை மக்கள் வாழும் தீவுகளின் வழக்கத்துக்கும் ஏற்றது. அகன்ற விளிம்புள்ள தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும்.

கடிகாரம் இல்லாமலே ஆபத்தான நேரத்தை அறியலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? கதிரவன் 45 பாகைக்கு மேல் நிற்கிறான் என்று பொருள். நிலநடுக்கோட்டருகே இது ஏறத்தாழக் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை. அப்போது நிழலில் இருங்கள்.

களிம்பிலும் ஒரு செய்தி உண்டு. ஆக்சிபென்சோன் போன்ற சில வேதிப்பொருள்கள் பவள உயிரிகளின் இளம் பருவத்துக்குத் தீங்கு செய்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பலாவ் நாடு 2020லும், ஹவாய் 2021லும் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தன. பவளத்தின் பெரும்பகை கடல் சூடேறுவதே. 1998லும் 2016லும் மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போனதற்கு அதுவே காரணம். ஆயினும் நோயாளியின் மீது இன்னொரு சுமையை ஏன் ஏற்ற வேண்டும்? துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பாகத் தேர்ந்தெடுக்கலாம்.

காலுக்கும் கைக்கும்

பவளப்பாறை கத்திபோல் கூர்மையானது. அதன் இடுக்குகளில் கடல் முள்ளெலியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனும் உண்டு. கல்மீனின் முதுகு முட்களில் நஞ்சிருக்கிறது. எனவே தடித்த அடியுள்ள ரப்பர்க் காலணி அவசியம். முள் தைத்துவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள, அதாவது 45 பாகை செல்சியசுக்கு மிகாத, வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த நஞ்சு புரதத்தால் ஆனது. முட்டை வெந்தால் இறுகுவதுபோல் வெப்பத்தில் நஞ்சும் தன் இயல்பை இழக்கும், வலி தணியும்.

அழகிய கூம்புச் சங்குகளைக் கண்டால் கையால் தொடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் அது நஞ்சூட்டிய அம்பு போன்ற பல்லை எய்யும். சில இனங்களின் நஞ்சு மனிதனைக் கொல்லக்கூடியது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது.

மாலத்தீவில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக நல நிறுவனம் 2015இல் அறிவித்தது. ஆனால் டெங்கு உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். ஆகவே கொசு விரட்டித் தைலமும் பெட்டியில் இருக்கட்டும். முதலில் வெயில் களிம்பு, அதன்மேல் தைலம் என்பதே முறை. ‘டீட்’ கலந்த தைலம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையால் நீச்சல் கண்ணாடியைத் தொடாதீர்கள்.

பாயில் விதியும் பயணமும்

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதைப்போல் சுமார் முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்பது பள்ளியில் படித்த பாயில் விதி. களிம்புக் குழாயில் 30 மி.லி. காற்று அடைபட்டிருந்தால் அது 40 மி.லி.யாக விரிந்து களிம்பைப் பிதுக்கித் தள்ளும். புதுத் துணியெல்லாம் பாழ்! மூடுவதற்கு முன் குழாயை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, தனிப் பையில் கட்டி வையுங்கள். 100 மி.லி.க்கு மேற்பட்ட நீர்மங்களைப் பல விமான நிலையங்கள் கைப்பையில் அனுமதிப்பதில்லை. அவை பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் சரக்கறையில் யாரும் கவனியார். ஆகவே அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். அனுமதி பெறாமல் கொண்டுபோகக்கூடிய அளவு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 20ஐ 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள். 74 வாட்-மணி வரும். தடையில்லை. அங்கு மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதே. ஆனால் சதுர முனைகளையுடைய பிரிட்டிஷ் மூன்று முனைச் செருகி பரவலாக உள்ளதால் அதற்கேற்ற இணைப்பான் ஒன்று வேண்டும்.

இதே விதி உயிருக்கும் பொருந்தும். காற்றுக் கலன் கட்டிக்கொண்டு 10 மீட்டர் ஆழம் மூழ்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. நைட்ரஜன் அதிக அளவில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அது மெல்ல வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றலாம். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே பறக்கலாம். ஆகவே கடைசி நாளில் முக்குளிப்பு வேண்டாம். இதைப் பயணத் திட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எடையில்லாத பொருள்

பெட்டியில் வைக்க முடியாத, ஆனால் கட்டாயம் கொண்டுபோக வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது நீரோட்டம் பற்றிய அறிவு. அட்டோல் வளையத்தில் இடையிடையே திறப்புகள் உள்ளன. ஏற்ற இறக்கத்தின்போது காயல்நீர் முழுவதும் இக்குறுகிய வாயில்கள் வழியே பாய்கிறது. அகன்ற ஏரி மதகில் பாய்வதைப் போன்றதுதான். மேலே அமைதியாகத் தெரியும் நீர், நல்ல நீச்சல்காரரையும் கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

இழுக்கப்பட்டால் செய்ய வேண்டியது என்ன? கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. சோர்வே உயிரைக் கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே பக்கவாட்டில் நீந்தி, அதன் விளிம்பைக் கடந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீரில் இறங்குமுன் “இன்று ஓட்டம் எந்தப் பக்கம்?” என்று உள்ளூர்க்காரரைக் கேட்பது இன்னும் நல்லது. தனியே ஒருபோதும் இறங்க வேண்டாம். நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டையின்றி இறங்கவே கூடாது.

போகும் பெட்டி, திரும்பும் பெட்டி

பவளத்தீவில் ஆறில்லை, ஏரியில்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கே கனமானது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். மேலே அரையடி குறைந்தால் கீழே 20 அடி உப்பாகிவிடும். அதனால்தான் அங்கே கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் நன்னீராக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் வீட்டிலேயே விட்டுச் செல்வோம்.

தண்ணீருக்கு ஓர் எவர்சில்வர் புட்டி கொண்டுபோங்கள். தீவில் குப்பையைப் புதைக்க ஏது இடம்? மாலேக்கு அருகே திலாஃபுஷி என்ற தீவே குப்பை கொட்டி நிரப்பி உருவாக்கப்பட்டது. தீர்ந்த மின்கலங்களையும் காலிக் குழாய்களையும் திரும்பக் கொண்டுவந்துவிடுவதே நாகரிகம். நீங்கள் வழக்கமாக உண்ணும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு, தேவைக்கு மேல் சில நாள்களுக்கும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். சிறு தீவில் மருந்துக்கடை இல்லாமல் போகலாம். மதுவும் பன்றி இறைச்சியும் நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை.

திரும்பி வரும்போது பவளத்துண்டும் ஆமையோட்டுப் பொருளும் பெட்டியில் இருக்கக் கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்பது இப்போது நமக்குத் தெரியும். இன்றைய பவளமே நாளைய மணல்; அந்த மணலே அம்மக்களின் தரை. அதில் ஒரு பிடியையும் எடுக்காமல், காலில் ஒட்டியதையும் உதறிவிட்டுத் தோணி ஏறுவோம்.