சர்வர் அறையும் இரண்டு கீசரும்

நங்கநல்லூரில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "சர்வர் ரூமுக்குப் பெரிய யூபிஎஸ் வாங்கிட்டேன். இனிமே கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் கவலையில்ல" என்றார். ஏசி எதில் ஓடும் என்று கேட்டேன். "ஏசி எதுக்கு? கம்ப்யூட்டர் ஓடினா போதாதா?" என்றார். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு எளிய கணக்கு. சர்வருக்குள் போகும் மின்சாரம் அனேகமாக முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 400 வாட் இழுக்கும் சர்வர், நம்மைப் பொறுத்தவரை, 400 வாட் ஹீட்டர். அப்படிப் பத்து சர்வர் இருந்தால் 4 கிலோவாட். வீட்டு கீசர் ஒன்று 2 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், மூடிய அறைக்குள் இரண்டு கீசரை ராப்பகலாக ஓட விட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு 96 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை அந்த அறை ஒரே நாளில் கிட்டத்தட்டத் தீர்த்துவிடும்.

இப்போது ஏசி நின்றால்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 40 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 40 கிலோஜூல் போதும். 4 கிலோவாட் என்பது நொடிக்கு 4 கிலோஜூல். ஆக, காகிதக் கணக்கில் பத்து நொடிக்கு ஒரு டிகிரி ஏற வேண்டும். சுவரும் இரும்பு ரேக்கும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் நம் கையில் இருப்பது மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்குதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் கரையைக் கடந்த நாள். கிண்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லீவு விட்டிருந்தார்கள். காலையிலேயே போய்ச் சேர்ந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கியது, ஜெனரேட்டரும் கிளம்பியது. எலக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, டீசல் ஃபுல்லா இருக்கு. விடிய விடிய ஓடும், பயப்படாத" என்றார். எனக்கும் நிம்மதி.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் அடுப்பங்கரை மாதிரி அனல். இருபதில் இருந்த அறை 38 டிகிரிக்குப் போயிருந்தது. ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் லைனில் யூபிஎஸ் மட்டும்தான் இருந்தது. ஏசியை யாரும் சேர்க்கவில்லை. வயரிங் செய்த காலத்தில் என் நண்பரைப் போலவே நினைத்திருக்கிறார்கள். அதாவது, யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் சேர்ந்து அறைக்குள் சூட்டை மட்டும் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்து வைத்து, ஒரு பெடஸ்டல் ஃபேனை நிறுத்தினோம். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. பிறகு ஒவ்வொரு சர்வராக அணைக்க ஆரம்பித்தேன். எதை அணைப்பது? மெயில் வேண்டும், சம்பளக் கணக்கு வேண்டும். மிச்சத்தில் நான்கை அணைத்தேன். அறை ஒருவழியாக அடங்கியது. புயலுக்கு அடுத்த வாரம் ஒரு ஹார்ட் டிஸ்க் போனது. அது கூடப் பெரிய விஷயமில்லை. அணைத்த நான்கு சர்வரை ஒரு மாதம் வரை யாருமே தேடவில்லை! வருஷக்கணக்காக சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

சும்மா ஓடுவது என்றால் இலவசமாக ஓடுவது இல்லை. கூகுளைச் சேர்ந்த பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய கட்டுரையில், அந்தக் காலத்து சர்வர்கள் வேலையே இல்லாதபோதும் உச்ச மின்சாரத்தில் பாதியைக் குடிக்கின்றன என்று காட்டினார்கள். இன்றைய சர்வர்கள் தேவலை என்றாலும் பூஜ்யம் ஆகிவிடவில்லை. ஆகவே முதல் வேலை, தேவையில்லாததை அணைப்பது. நான்கு பெட்டியின் வேலையை ஒரே பெட்டிக்குள் மெய்நிகர் சர்வர்களாக அடைப்பது அடுத்தது.

மூன்றாவது, பிராசஸரின் வேகம். அது இழுக்கும் மின்சாரம் கடிகார வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். இரண்டையும் பத்து பத்து சதவீதம் குறைத்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது சுமார் 0.73. வேகத்தில் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்தால் சூட்டில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இதைத் தானே செய்யும். ஆனால் பயாஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்துவிட்டால் அதன் கையைக் கட்டிவிடுகிறோம். பல சர்வர்களில் 'இத்தனை வாட்டுக்கு மேல் போகாதே' என்று வரம்பும் வைக்கலாம். ஜெனரேட்டரில் ஓடும் நாளுக்கு அது நல்ல ஆயுதம்.

சரி, ஏசியை எத்தனையில் வைப்பது? பல அலுவலகங்களில் பதினெட்டு. உள்ளே போனால் ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை 18 முதல் 27 டிகிரி வரை. அதுவும் சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்றின் வெப்பம், சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் காட்டுவது அல்ல. அதனால் 24, 25 தாராளம். அதற்காக மேலே மேலே ஏற்றவும் கூடாது. உள்ளே வரும் காற்று சூடானால் சர்வரின் ஃபேன் வேகமெடுக்கும். ஃபேன் வேகம் இரட்டித்தால் அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு. ஏசியில் மிச்சம் பிடித்ததை ஃபேன் தின்றுவிடும்.

பதினெட்டில் இன்னொரு வம்பும் இருக்கிறது. சென்னைக் காற்றில் பனிநிலை வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் இருபதைத் தாண்டி நிற்கும். பதினெட்டில் குளிர்ந்த இரும்பின் மேல் அந்தக் காற்று பட்டால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி வியர்க்கும். அன்று எங்கள் ரேக்குகள் ஏற்கெனவே சூடாகிவிட்டதால்தான் கதவைத் திறந்தும் தப்பித்தோம்.

சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கம் இருக்கும் பெரிய டேட்டா சென்டர்களுக்கும் இதே கணக்குதான், அளவுதான் வேறு. கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னைக்கு அவை வருகின்றன. தமிழக அரசும் 2021இல் இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. பின்லாந்தின் ஹாமினாவில் ஒரு பழைய காகித ஆலையில் கூகுள் கடல்நீரை வைத்தே சர்வர்களைக் குளிர்விக்கிறது. நம் வங்கக் கடலின் மேற்பரப்பே 28 டிகிரிக்குப் பக்கம். அந்த வித்தை இங்கே பலிக்காது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கலாம், ஆனால் 2019 கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. இங்கே மிஞ்சுவது, வாட்டைச் செலவழிக்காமல் இருப்பதுதான். மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் ஏசிக்கும் ஒரு பங்கு மிச்சம்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஒன்று, ஏசியையும் ஜெனரேட்டரில் சேருங்கள். யூபிஎஸ் வேண்டாம், ஜெனரேட்டர் கிளம்பும் ஒரு நிமிடத்துக்குள் ஏசியும் திரும்ப வந்தால் போதும். இரண்டு, ரேக்கில் காலி இடங்களைத் தகட்டால் மூடுங்கள், பின்பக்கச் சூடு முன்னால் சுற்றி வராது. மூன்று, அறை 32 டிகிரியைத் தொட்டால் எந்த சர்வரை முதலில் அணைப்பது, எதைக் கடைசியில் அணைப்பது என்று ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

நேற்று மறுபடி போன் செய்தார். பட்டியல் எழுத உட்கார்ந்தாராம். இருக்கும் ஆறு சர்வரில் இரண்டு என்ன செய்கின்றன என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லையாம்.