வெள்ளைத் தட்டில் நீந்தும் அன்னங்கள்

பீங்கானை இந்திக்காரர்கள் 'சீனி மிட்டி' என்பார்கள். இங்கே சீனி என்பது சர்க்கரையல்ல, சீனா. சீனத்து மண் என்று பொருள். அந்த மண்ணின் ரகசியம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. சீனத்துக் கோப்பைகளுக்காக அந்நாட்டு மன்னர்கள் பணத்தைக் கொட்டினார்கள்.

ஜெர்மனியில் சாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸ், போட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்திருந்தார். மட்ட உலோகத்தைப் பொன்னாக்கத் தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டதே காரணம். பொன் வரவில்லை. 1708-ல் வெள்ளைப் பீங்கான் வந்தது! 1710-ல் மைசன் நகரில் பீங்கான் ஆலை ஏற்பட்டது.

வெண்மையே சோதனை

கயோலின் எனும் வெண்களிமண்ணோடு கற்பொடி சேர்த்துப் பிசைந்து, சுமார் 1,400 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். சூளையில் பாண்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். சில கோணிக்கொள்ளும். இரும்புத் துகள் கலந்தால் கரும்புள்ளி விழும். மேலே பூ வரைந்தால் புள்ளியை மறைத்துவிடலாம். வெள்ளையாகவே விட்டால் குறையை ஒளிக்க இடமில்லை.

இந்தச் சோதனையில் வென்ற படைப்பு 'அன்னப் பாண்ட வரிசை'. அமைச்சர் ப்ரூல் பிரபுவின் விருந்து மேஜைக்காக, சிற்பி கேண்ட்லரும் அவரது துணைவர்களும் 1737-ல் தொடங்கிச் சில ஆண்டுகளில் 2,200-க்கும் அதிகமான உருப்படிகளைச் செய்து முடித்தார்கள்.

தட்டைப் பாருங்கள். சிப்பியின் வரிகளைப் போல மெல்லிய மேடுகள். நடுவே இரண்டு அன்னங்கள் நீந்துகின்றன. நாணல் புதரருகே ஒரு நாரை. விளிம்பில் குடும்பச் சின்னம், சிறு பூக்கள், பொற்கோடு மட்டுமே வண்ணம். மற்றதெல்லாம் வெள்ளை மேல் வெள்ளை. நேர் வெளிச்சத்தில் அன்னங்கள் மங்கிவிடும். பக்கவாட்டில் ஒளி பட்டால் நிழல் விழுந்து உயிர் பெறும். சைவமோ அசைவமோ, உணவு தீரத் தீரத்தான் சித்திரம் முழுதாகத் தெரியும்!

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945-ல், இவற்றில் பெரும்பகுதி உடைந்தும் சிதறியும் போயிற்று. எஞ்சியவை பல நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன.

நாமும் பார்க்கலாம்

நல்ல பீங்கானை அறிய பிரபுவாக இருக்க வேண்டியதில்லை. மெல்லிய கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தால் மறுபுறமுள்ள விரலின் நிழல் தெரியும். நம் ஊர்ச் சந்தையில் பெண்கள் மண்பானையைத் தட்டிப் பார்ப்பார்களே, அப்படியே சுண்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். வெள்ளைத் தட்டில் பூ இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். ஒரு புள்ளியும் இல்லாமல் அது சூளையிலிருந்து வந்ததே பெரிய வேலைப்பாடு.