விலை காதில் கேட்குமா?

"பழைய டிவிடி பிளேயர்ல ஒரு தடவை, புதுசுல ஒரு தடவை போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார்" என்றார் நண்பர். ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் அப்போதுதான் சிடி பிளேயர் வாங்கியிருந்தார். மாண்டலின் கச்சேரி டிஸ்க் ஒன்றைப் போட்டார். பழையதில் நன்றாகத்தான் இருந்தது. புதியதில் மாண்டலின் இரண்டடி முன்னால் வந்து உட்கார்ந்தது. மிருதங்கத்துக்கு உடம்பு வைத்தது. "இருக்கு சார், வித்தியாசம் இருக்கு" என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆட்டிய பிறகுதான் உறுத்தியது. இரண்டு பெட்டிக்குள்ளும் நடக்கிற வேலை எனக்குத் தெரியும். அதில் இத்தனை வித்தியாசம் எங்கிருந்து வரும்?

சிடியின் பளபளப்பான பக்கத்தில், உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே ஒரு பாதை இருக்கிறது. நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் முப்பது நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். பாதை நெடுக நுண்ணிய பள்ளங்கள். பள்ளத்தின் விளிம்பு வரும்போது லேசர் திரும்பி வரும் அளவு மாறுகிறது: அது 1. மாறாவிட்டால் 0. கேசட்டில் ஹெட் அழுக்கானால் பாட்டு மங்கும், மோட்டார் தள்ளாடினால் பாடகர் குரலும் தள்ளாடும். சிடியில் அப்படிக் கொஞ்சம் நன்றாகப் படிப்பது, கொஞ்சம் சுமாராகப் படிப்பது என்று கிடையாது. ஒன்றை ஒன்றாகவும் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவும் படித்துவிட்டால் லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் அதற்கு மேல் படிக்க எதுவும் இல்லை.

கீறல், தூசி? லேசர் டிஸ்க்கின் மேற்பரப்பில் நுழையும்போது சுமார் 0.8 மில்லிமீட்டர் அகலம். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து பள்ளங்களைத் தொடும்போது இரண்டு மைக்ரானுக்கும் கீழே குவிந்துவிடுகிறது. ஜன்னல் கொசுவலையில் முகத்தை ஒட்டி நின்று தெருவைப் பார்த்தால் வலை தெரியாமல் போகிறதே, அதே சங்கதிதான். மேற்பரப்பில் கிடக்கும் தூசி லேசரின் கண்ணுக்கு வெறும் மங்கல்.

அதையும் மீறி எண்கள் தொலைந்தால் 1960-ல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் கண்டுபிடித்த பிழைதிருத்தக் கணக்கு கைகொடுக்கிறது. வாயேஜர் விண்கலம் யுரேனஸிலிருந்து படம் அனுப்பியபோது உதவிய அதே கணக்கு. சிடியில் அதோடு ஒரு தந்திரமும் சேர்ந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றினால், பஸ் பழுதானால் வீடே முகூர்த்தத்தைத் தவறவிடும். ஆளுக்கொரு பஸ்ஸில் அனுப்பினால் ஒருவர்தான் தாமதம், மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அடுத்தடுத்து வர வேண்டிய எண்களை இப்படித் தள்ளித் தள்ளிப் பதித்திருப்பதால், பாதையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு மொத்தமாக அழிந்துபோனாலும் பிளேயர் விட்டதைத் திரும்பக் கணக்கிட்டு எடுத்துவிடுகிறது. ஊகமாக இல்லை, அச்சு அசலாக.

'விலை உயர்ந்த பிளேயரில் டிஸ்க் ஆடாமல் சுற்றும்' என்பார்கள். சுற்றலாம். ஆனால் படித்த எண்கள் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. மோட்டார் எப்படி விட்டு விட்டு ஏற்றினாலும் மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் சீராக வருவது போல, எண்கள் ஒரு நினைவகத்தில் சேர்ந்து, குவார்ட்ஸ் படிகத்தின் தாளத்துக்கு நொடிக்கு 44,100 முறை வெளியே வருகின்றன.

மிச்சம் இருப்பது அந்த எண்களை மின்னோட்டமாக மாற்றும் சிப். விலைக்கு இடம் இருந்தது இங்கேதான், ஒரு காலத்தில். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு வந்த முதல் பிளேயர் சோனி சிடிபி-101. மாற்றும் சிப் அவ்வளவு விலை என்பதால், இடது வலது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றையே மாறி மாறிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரு பக்கம் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போலத் தாமதமானது. அந்த நேரத்தில் ஒலி காற்றில் நகரும் தூரம் சுமார் 4 மில்லிமீட்டர். தலையைச் சொறியும்போது நம் காது அதைவிட அதிகம் நகர்ந்துவிடும். சிடியின் ஒவ்வொரு எண்ணும் 16 பிட், அதாவது பதினாறு ஒன்று-பூஜ்யங்கள். பிலிப்ஸிடமோ 14 பிட் சிப்தான் இருந்தது. அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி 16 பிட் வேலையை வாங்கினார்கள். இன்று ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் சுண்டுவிரல் அளவு ஹெட்போன் அடாப்டருக்குள் இருக்கும் சிப், 16 பிட்டுக்கு உள்ள 96 டெசிபெல் எல்லையையே மிஞ்சுகிறது.

அப்படியானால் நண்பர் வீட்டில் நான் கேட்டது என்ன? காபி முடிந்ததும் ஒரு வெற்று டிஸ்க்கில் சீரான ஒரு ஸ்ருதியைப் பதிந்து, இரண்டு பிளேயரின் வெளியீட்டையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். பழையது 1.9 வோல்ட். புதியது 2.3. ஒன்றரை டெசிபெலுக்குச் சற்று மேல் வித்தியாசம். இவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று சொல்லாது. 'தெளிவு கூடியிருக்கிறது' என்று சொல்லும். மாண்டலின் முன்னால் வந்து உட்கார்ந்த கதை இதுதான். வால்யூமைச் சமன் செய்துவிட்டு, என்னைச் சுவர் பார்க்க உட்காரவைத்து, நண்பரின் மகன் பிளேயரை மாற்றி மாற்றிப் போட்டான். பத்தில் ஐந்து சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

என் காதுக்கு வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-ல் வெளியிட்ட சோதனை இதைவிடக் கடுமையானது. சிடியைவிட நுட்பமான சூப்பர் ஆடியோ டிஸ்க்குகளை நேராக ஒருமுறை, இடையில் ஒரு சிடி ரெக்கார்டர் வழியாகச் சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் இருந்தார்கள். 554 முயற்சிகளில் சரியான பதில்கள் 276. பாதிகூட இல்லை.

விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பது வேறு கதை. 2008-ல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் 5 டாலர் ஒயினுக்கு 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, குடித்தவர்கள் சுவை கூடுதல் என்றார்கள். மூளை ஸ்கேனில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாகவே வேலை செய்தது. ஆக அவர்கள் பொய் சொல்லவில்லை. நண்பரும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து பார்ப்பதும் சில சமயம் நல்லது. 2010-ல் 3,500 டாலருக்கு வந்த லெக்சிகன் ப்ளூ-ரே பிளேயரின் மூடியை ஆடியோஹாலிக்ஸ் தளத்தார் கழற்றினார்கள். உள்ளே 499 டாலர் ஓப்போ பிளேயர், அதன் சொந்தத் தகர உடம்போடு அப்படியே உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் பெட்டி.

எல்லாப் பிளேயரும் ஒன்றே என்று சாதிக்க மாட்டேன். அடிமட்ட விலைப் பெட்டிகளில் மோசமான மின்சுற்றும் இரைச்சலும் உண்டு. லேசர் தேய்ந்தால் பாட்டு திக்கும். பல மடங்கு பெரிய வித்தியாசம் பதிவிலேயே இருக்கிறது: மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னெடிக்' சிடியில் சத்தத்தை நெருக்கித் தள்ளியிருந்ததால், அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில்தான் நன்றாகக் கேட்கின்றன என்று ரசிகர்களே முறையிட்டார்கள். அந்த நெருக்கலை எந்தப் பிளேயரும் அவிழ்க்காது.

அடுத்தது ஸ்பீக்கரும் அது இருக்கும் இடமும். நண்பரின் ஸ்பீக்கர் ஒன்று ஷோகேஸ் மூலையில், இன்னொன்று திரைச்சீலைக்குப் பின்னால். இரண்டையும் வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்டூல் மேல் வைத்தோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதுவரை 'பும்' என்று ஒரே குழம்பலாக இருந்தது. இப்போது விரல் அழுந்தி நகர்வது தனியாகக் கேட்டது. செலவு, பக்கத்து வீட்டு ஸ்டூல் ஒன்று.

பிளேயரை அவர் விற்கவில்லை. பொத்தானைத் தொட்டால் டிஸ்க் தட்டு முனகல்கூட இல்லாமல் வழுக்கி வந்து நிற்கிறது. எனக்கும் ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கொடுத்தார். நான் மூன்று முறை அழுத்தினேன்.